கரை யாருடையது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீனவக் கிராமத்தில் சுற்றுலா பெருகினால் முதலில் பறிபோவது கடல் இல்லை, கரைதான் என்று போன இதழில் எழுதியிருந்தேன். நிலம் அளந்தே பிழைத்தவன் நான். எங்கே போனாலும் எல்லைக்கல்தான் முதலில் கண்ணில் படும். அந்தக் கட்டுரைக்குத் திட்டும் வந்திருக்கிறது, நல்ல கேள்விகளும் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சுற்றுலா வந்தால் மீனவர் கையிலும் நாலு காசு புரளும். அதைப் போய்க் குறை சொல்கிறீர்களே? உயிரைப் பணயம் வைத்து வலை வீசுவதைவிடப் பயணிகளைப் படகில் ஏற்றிச் சுற்றுவது மேல் இல்லையா?

மேல்தான், மறுக்கவில்லை. பயணிகளை ஏற்றுகிறவர் பொழுது சாய்வதற்குள் கையில் ரொக்கத்தோடு வீடு திரும்புகிறார். இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தால் அதில் என்ன குற்றம்?

ஆனால் கணக்கை வீட்டுக்கு வீடு போட்டுப் பாருங்கள். சிறு படகில் மீன் பிடிப்பது பெரும்பாலான கரைகளில் பங்குத் தொழில். படகுக்கும் வலைக்கும் இத்தனை பங்கு, மிச்சம் ஏறிப்போன ஆட்களுக்கு. படகை இழுக்கக் கை கொடுத்தவர், வலை தைத்தவர், மீனைத் தரம் பிரித்தவர், கூடை சுமந்தவர், விற்றவர் என்று ஒரு படகின் பின்னால் ஒரு தெருவே பிழைக்கும். அதே படகு பயணிகளை ஏற்றினால் ஓட்ட ஒருவர், டிக்கெட் கிழிக்க ஒருவர் போதும். படகுக்காரர் வருமானம் கூடியிருக்கும், பங்கு வாங்க ஆள் இருக்காது. ஊரின் சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள். தெருவில் பாதி வீட்டுக்கு அந்தச் சேதியே போய்ச் சேர்ந்திருக்காது.

சரி, சீசன் முடிந்ததும் மறுபடி வலையை எடுக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கூட வந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். வலை எலி கடித்துக் கிடக்கும். எல்லாவற்றையும் சமாளித்துப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தால், படகு ஏற்றும் மணலில் வரிசையாகக் குடையும் சாய்வு நாற்காலியும் நிற்கும். போகும்போது அகலமாக இருந்த வழி திரும்பும்போது இருப்பதில்லை.

மீன் விலை ஏறுமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏறும், பிடிப்பவருக்கு நல்லதுதான். ஆனால் விடுதிகள் கேட்கிற அளவுக்குக் கடல் கொடுக்காது. பெரிய மீனும் சிங்கி இறாலும் தீரத் தீரச் சிறியதையும் விடாமல் பிடிப்பார்கள். அதுவும் போதாமல் வேறு துறைமுகத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் மீன் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், எதிரே ஆடுகிற படகிலிருந்துதான் அது வந்தது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் படகு கடலுக்குப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும்.

கேள்வி: இந்த மாற்றத்தை யாராவது திட்டம் போட்டுச் செய்கிறார்களா, தானாக நடக்கிறதா?

இரண்டும் உண்டு. திட்டம் போட்டதற்கு நல்ல உதாரணம் மெக்சிகோவின் கான்கூன். 1970-ல் வேலை தொடங்கியபோது அது ஆள் நடமாட்டம் அற்ற ஒரு மணல் திட்டு. எதிர்க்கரையில் நூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்த ஒரு மீனவக் குடியிருப்பு. டாலர் சம்பாதிக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் அது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் எட்டு லட்சத்துக்கும் மேல். தொடங்கியபோது மீனவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்கக்கூட அங்கே போதுமான ஆள் இருக்கவில்லை.

ஸ்பெயினின் பெனிடோர்ம் வேறு மாதிரி. 1950-ல் அங்கே மூவாயிரம் பேருக்கும் குறைவு. சூரை மீன் பிடிப்பதில் பேர் பெற்ற ஊர், தொழில் நலிந்திருந்த நேரம். அப்போது மேயராக வந்த பெத்ரோ சரகோசா சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டார். பிகினி உடைக்கு அனுமதி கொடுத்ததில் தேவாலயத்தோடு தகராறு. மனிதர் ஸ்கூட்டரில் ஏறி மாட்ரிட் வரை போய் சர்வாதிகாரி ஃபிராங்கோவையே பார்த்து வந்தார் என்று கதை சொல்வார்கள். 1956-ல் ஊருக்கு ஒரு முழுத் திட்ட வரைபடம் தயாரானது. அகலமான சாலைகள், கட்டடத்தைச் சுற்றிக் கட்டாயம் திறந்த வெளி. பின்னால் உயரக் கட்டுப்பாடு தளர்ந்தது, ஊர் மேல்நோக்கி வளர்ந்தது. 2002-ல் திறந்த ஒரு ஹோட்டல் 186 மீட்டர் உயரம்.

பெனிடோர்மைக் கேலி செய்வது பலருக்குப் பொழுதுபோக்கு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. இத்தனை லட்சம் பயணிகளை ஒரு சிறிய நிலப்பரப்புக்குள் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். அதே கூட்டத்தைத் தோட்ட வீடுகளாகப் பரப்பியிருந்தால் எத்தனை மைல் கரை போயிருக்கும் என்று அளந்து பாருங்கள்.

தானாக நடப்பது பெரும்பாலும் இப்படி: முதலில் ஒரு ஓவியர் வருவார். பிரான்சின் சான் ட்ரோபேக்கு 1892-ல் ஓவியர் போல் சின்யாக் பாய்மரப் படகில் வந்து இறங்கினார். அவர் பின்னால் நண்பர்கள் வந்தார்கள். 1950-களில் சினிமாக்காரர்கள், அப்புறம் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள். புவியியல் அறிஞர் பட்லர் 1980-ல் இதைப் படிப்படியாக வகுத்து எழுதினார். ஆராய்கிறவர் வருவது, ஊர்க்காரர்கள் ஈடுபடுவது, வெளிப்பணம் பாய்வது, நிலைப்படுவது, தேங்குவது, பிறகு சரிவு அல்லது புத்துயிர். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. ஊர்க்காரர் தன் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடும் காலம் அது. நிலம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கும். பேச வேண்டியதையெல்லாம் அப்போதே பேசிவிட வேண்டும். வெளிப்பணம் வந்த பிறகு பேசுவது வக்கீல்கள்தான்.

கேள்வி: கடற்கரை பொதுச் சொத்து. ஹோட்டல்காரர் எப்படி மறிக்க முடியும்? சட்டம் எதற்கு இருக்கிறது?

பல நாடுகளில் மணல் பொதுச் சொத்துதான். ஸ்பெயின் 1978 அரசியலமைப்பிலேயே அப்படி எழுதிக்கொண்டது, 1988-ல் தனியாகக் கரைச் சட்டமும் போட்டது. இந்தியாவில் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இருக்கிறது. உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது நீர் தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுப்பாடு, ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்று தொடங்கியது. 2019-ல் மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு அந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தார்கள்.

எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஜமைக்காவின் 1956 கடற்கரைச் சட்டம் கரையை அரசு வசம் வைத்தது. அதற்கு முன்பே தொழில் செய்துவந்த மீனவர்களின் உரிமையைக் காப்பாற்றியது. மற்றவர்கள் கரைக்குப் போகப் பொதுவான உரிமை எதையும் அது எழுதவில்லை.

ஆனால் மணல் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் என் அனுபவம். ரோட்டிலிருந்து மணலுக்கு இறங்கும் பாதை யாருடையது? அது நாலு தனியார் மனைகளுக்கு நடுவே, காலங்காலமாக நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையாக இருக்கும். எந்தப் பத்திரத்திலும் இருக்காது. நாலு மனையையும் ஒருவரே வாங்கி வேலி போட்டால், பொதுக் கடற்கரை பொதுவாகவே இருக்கும், போய்ச்சேர வழிதான் இருக்காது. இப்படி ஒரு வேலிக்கு நான் அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்கியவரிடம் இருந்த காகிதங்கள் அத்தனையும் சரி. மீனவர்களிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. வரைபடத்தில் அந்த மணல் வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம், கரைவலை இழுக்க ஒரு முறை, வலை உலர்த்த ஓர் ஓரம் என்று ஊருக்குள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. கரைவலைக்கு எவ்வளவு நீளமான மணல் வேண்டும் என்று இழுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், நடுவில் யாரும் குளிக்கக்கூடாது. சாய்வு நாற்காலி வந்த மறுநாளே அந்தத் தொழில் போச்சு.

சட்டமே ஒரு பக்கம் சாய்வதும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கரையிலிருந்து தெற்கே 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை என்று அறிவித்தார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விலக்கு. மீனவரை அடிக்கிற அலை விடுதியில் தங்குகிறவரை அடிக்காதா என்று அங்கே கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்தபின் அந்தத் தூரங்களைத் தளர்த்தினார்கள்.

கேள்வி: யாரும் கழுத்தைப் பிடித்து வாங்கவில்லை. நல்ல விலை வந்தது, விற்றார்கள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

ஒரு வீடு விற்றால் அழ எதுவும் இல்லை. விற்றவருக்கு என் வாழ்த்துகள்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்று ஓர் ஊர். மத்தி மீன் பிடித்து வாழ்ந்த ஊர். பழைய மீனவர் பகுதியில் வீடுகளின் கீழ்த்தளம் மீனை உப்பிட்டு அடுக்கவும் வலை வைக்கவும், குடும்பம் மேல்தளத்தில். வீடும் பட்டறையும் ஒன்று. அங்கும் ஓவியர்கள் வந்தார்கள். 1993-ல் லண்டனின் டேட் கலைக்கூடம் ஒரு கிளையே திறந்தது. மீன் அடுக்கிய கீழ்த்தளங்கள் படுக்கையறையாகிவிட்டன. வாங்குகிறவர்களில் பலருக்கு அது இரண்டாவது வீடு. கோடையில் சில வாரம் வருவார்கள், குளிர்காலத்தில் தெருவில் விளக்கு எரியாது. ஆளில்லாத தெருவில் கடை நடக்காது, பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் தேயும். பத்து வீடு விற்றபோது விலை ஏறியது. பதினோராவது வீட்டுக்காரரின் மகன் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போக அந்த ஊரில் வீடு இல்லை. அவர் எதையும் விற்கவில்லை, ஆனாலும் வெளியேறினார்.

2016 மே மாதம் அந்த ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற விதிக்கு, வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. வழக்குப் போட்டும் விதி நின்றது. ஆனால் விதி புது வீட்டுக்கு மட்டும்தான், பழைய வீட்டுக்கு இல்லை. புது வீடு கிடைக்காத வெளியூர்ப் பணம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல நில அளவையாளர் தேவையில்லை.

கேள்வி: ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். கரையில் பெண்களின் தொழில் என்ன ஆகிறது?

நியாயமான கேள்வி அம்மா. இதைப் போன இதழிலேயே யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன்.

படகு கடலில் போகிறது. விற்பது, உப்பிடுவது, காய வைப்பது எல்லாம் மணலில்தான், அதில் பெரும்பகுதி பெண்கள் கையில். கரை சுருங்கினால் முதலில் இடம் இழப்பவர்கள் அவர்கள். மீன் காயும் வாடை பயணிகளுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு புகார் வந்தால் போதும், உலர்த்தும் இடத்தை ஊருக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அங்கே காற்றும் கிடையாது.

போர்ச்சுகலின் நஸரே ஊரைப் பாருங்கள். ஒரு காலத்தில் படகுகளை நேரே மணலில் ஏற்றுவார்கள், இழுக்க மாடுகள். 1980-களில் தனியாகத் துறைமுகம் கட்டிய பிறகு படகுகள் அங்கே போய்விட்டன. கரை முழுக்கக் குளிப்பவர்களுக்கு. 2011-ல் அங்கே எழும் பேரலையில் ஒருவர் சறுக்கி உலக சாதனை செய்தார். அதிலிருந்து குளிர்காலத்திலும் கூட்டம். அந்த ஊர்ப் பெண்கள் இன்னமும் மணலில் கம்பிவலைத் தட்டுகளில் மீனைப் பிளந்து காய வைக்கிறார்கள். அந்த இடத்துக்கு உலர்மீன் அருங்காட்சியகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! மீன் நிஜம், விற்பனையும் நிஜம். அதே ஊரில் தெருமுனையில் உட்கார்ந்து, அறை வாடகைக்கு என்று அட்டை பிடித்திருப்பவர்களும் பெண்கள்தான். பலருக்கு அது தம் பேரில் வந்த முதல் வருமானம். உப்பும் செதிலுமாக நிற்பதைவிட அது பரவாயில்லை என்று ஒரு பெண் சொன்னால் நான் வாதாட மாட்டேன். அறை அவர் பேரில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். சொந்த அறையை வாடகைக்கு விடுவதும் அடுத்தவர் அறையைப் பெருக்கித் துடைப்பதும் ஒன்றில்லை.

கேள்வி: கெட்டுப்போன கடற்கரையைச் சில காலம் மூடிவைத்தால் தீராதா?

கடலடிப் பவளப்பாறைக்குத் தீரும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது, ஆள் கணக்கும் உண்டு. பிலிப்பைன்ஸின் போரகாய் தீவை 2018-ல் ஆறு மாதம் மூடினார்கள். கழிவுநீர்க் குழாய்கள் சரியாயின, அந்த ஆறு மாதமும் தினக்கூலிகள் தவித்தார்கள். நிலம் கைமாறியது மட்டும் எத்தனை மாதம் மூடினாலும் திரும்புவதில்லை.

கேள்வி: நான் வெறும் பயணி. என்னால் என்ன முடியும்?

மணலில் கிடக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள், அதன் மறுமுனையில் ஆட்கள் இருப்பார்கள். ஊர்க்காரர் வீட்டு அறையில் தங்குங்கள். இன்று என்ன மீன் கிடைத்ததோ அதைக் கேளுங்கள், பட்டியலில் இருப்பதைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இவ்வளவுதான். மிச்சத்தைப் பயணியின் தலையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: என் அப்பா மீனவர். கடலைப் பார்த்த எங்கள் மனையை ஒரு கம்பெனி கேட்கிறது. அண்ணன் விற்கலாம் என்கிறார். அப்பா பேசவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

தம்பி, வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

முதலில் அண்ணனை எதிரியாக்காதே. அவர் கேட்பது தவறில்லை. ஆனால் கம்பெனி விலை சொல்வது மண்ணுக்கு இல்லை, காட்சிக்கு. மண் அளவு ஏறாது, காட்சியின் விலை ஏறிக்கொண்டே போகும். அதனால் கிரயத்துக்குப் பதில் குத்தகை பேசிப் பாருங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள், சில வருடத்துக்கு ஒருமுறை வாடகை உயர்வு, முடிந்ததும் மனை கட்டடத்தோடு உங்களுக்கு. கேட்டதும் அவர்கள் முகம் மாறினால், அவர்களுக்கு எது வேண்டியிருக்கிறது என்று புரிந்துவிடும்.

விற்றே ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் பாதை உரிமையை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அகலம் இவ்வளவு என்று மீட்டரில் இருக்க வேண்டும். படகின் அகலம், இரு பக்கமும் பிடித்து வருகிற ஆட்களுக்கு இடம், கொஞ்சம் கூடுதல். அந்த உரிமை உன் அப்பாவின் பேரில் இருக்கக்கூடாது, நிலத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் நாளை கம்பெனி வேறொருவருக்கு விற்றாலும் அவரையும் அது கட்டுப்படுத்தும். "அதெல்லாம் வாய்ச்சொல் போதும், நாங்கள் மறிக்க மாட்டோம்" என்பார்கள். சொல்கிறவர் அடுத்த வருடம் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார்.

அப்பா ஏன் பேச மறுக்கிறார் என்று யோசித்தாயா? உங்கள் மனை வழியாக இன்னும் எத்தனை வீட்டுப் படகு இறங்குகிறது? என் ஊகம், அவர் நினைப்பது அந்த வீடுகளை. அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு காலை கரைக்குப் போ. எந்தப் படகு எங்கே ஏறும், எந்த மாதம் வலை எங்கே இழுப்பார்கள், எங்கே உலர்த்துவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நீ காகிதத்தில் வரை. ஊர்ச் சங்கத்தில் வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு, தேதி போடு. அந்தக் காகிதம் பத்திரத்துக்குச் சமமில்லை. ஆனாலும் வெள்ளையாக இருக்கிற வரைபடத்துக்கு எதிராகக் காட்ட ஒன்று இருக்கும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சிறுதொழில் மீனவர்களுக்காக 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இப்படிப்பட்ட வழக்க உரிமைகளை மதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அவை சட்டமில்லை, விரும்புகிற அரசு பின்பற்றலாம். அதிகாரி முன்னால் வைத்துப் பேசுவதற்கு உதவும்.

பத்திர நகலைப் பெயரை மறைத்து எனக்கு அனுப்பு. அதற்கு முன் நீயே ஒன்று பார்த்துவிடு. நாலு எல்லைகளில் கடல் பக்கத்து எல்லைக்கு என்ன எழுதியிருக்கிறது? "கடல்" என்று இருந்தால் ஒரு பேச்சு, "அரசு நிலம்" என்று இருந்தால் வேறு பேச்சு. அது தெரியாமல் கம்பெனிக்காரரிடம் ஒரு வார்த்தையும் கொடுக்காதே.